சூட்டில் மெக்கர் பொய் சொல்லும்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் கடலூரில் எல்லா மின்சாரக் கோளாறுக்கும் ஒரே காரணம்தான்: "வெயில்ல ஒயர் சூடாயிடுச்சு." ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அதுதான் காரணம். ஃப்ரிட்ஜ் கிளம்பாவிட்டாலும் அதுதான், போர் மோட்டார் காயில் எரிந்தாலும் அதுதான். கேட்டால் பிளஸ் டூவில் படித்த வரியைச் சாட்சிக்கு இழுப்பார்கள்: வெப்பநிலை கூடினால் மின்தடை கூடும்.

அந்த வரி செம்புக்கும் அலுமினியத்துக்கும் சரி. ஆனால் நம் வீட்டில் மின்சாரம் தொடும் இடமெல்லாம் செம்பா? சிலிக்கான் இருக்கிறது, பீங்கான் இருக்கிறது, வார்னிஷ் இருக்கிறது, கடலோர ஊர் என்பதால் உப்புத் தண்ணீரும் இருக்கிறது. சூடு பட்டால் சிலவற்றில் கடத்துதிறன் குறையும், சிலவற்றில் எகிறும், சிலவற்றில் அசையவே அசையாது. ஒன்றிரண்டு பொருட்கள் குறிப்பிட்ட ஒரு டிகிரி வரை நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு அதைத் தாண்டியதும் ஆளே மாறிவிடும். "சூடானால் தடை கூடும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வதில்தான் எனக்கு வருத்தம்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், என் சித்தப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் பிறந்தது அங்கேதான், ஏனென்றால் எதிரெதிரான இரண்டு குணமும் ஒரே மோட்டாருக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. காயில் செம்பு. அதன் மேல் பூசிய எனாமலும், ஸ்லாட்டுக்குள் செருகிய லெதராய்டு பேப்பரும், மேலே ஊற்றிய வார்னிஷும் மின்காப்பு. மோட்டார் ஓடிச் சூடாகும்போது செம்பின் தடை ஏறும், காப்பின் தடை இறங்கும். முன்னது நிதானமாக ஏறும். பின்னது தலைகுப்புற விழும்.

முதலில் செம்பு. 20 டிகிரியில் இருக்கும் செம்புக் கம்பியை ஒரு டிகிரி சூடாக்கினால் தடை 0.39 சதவீதம் கூடும். அலுமினியமும் ஏறக்குறைய அவ்வளவுதான். 75 டிகிரிக்குப் போனால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கும். இந்த ஏற்றம் நேர்கோடாக இருப்பதால் அதையே தெர்மாமீட்டராக வைத்துக்கொள்ளலாம். ஓடும் மோட்டாருக்குள் கையை விட்டு காயில் எவ்வளவு சுடுகிறது என்று பார்க்க முடியாது. ஆகவே ஓடும் முன் தடையை அளக்க வேண்டும், ஓடி நிறுத்திய உடனே மறுபடி அளக்க வேண்டும். 30 டிகிரியில் 4 ஓம் இருந்தது, நிறுத்தியதும் 5 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். கணக்கு இது: 30-உடன் 234.5-ஐக் கூட்டு, 5-ஆல் பெருக்கு, 4-ஆல் வகு, திரும்ப 234.5-ஐக் கழி. விடை 96 டிகிரி. காயிலின் சராசரிச் சூடு அது.

இந்த 234.5 எங்கிருந்து வந்தது? செம்பின் தடை குறையும் நேர்கோட்டைக் குளிர்ந்த பக்கமாக நீட்டிக்கொண்டே போனால் மைனஸ் 234.5 டிகிரியில் பூஜ்யத்தைத் தொடும். உண்மையில் செம்பு அங்கே பூஜ்யமாவதில்லை. அது வேறு கதை, கடைசியில் வருகிறேன்.

இந்த அளவை வைத்தே "வெயில்ல ஒயர் சூடாகி லோ வோல்டேஜ்" என்கிற பேச்சையும் சோதித்துப் பார்க்கலாம். மே மாத நண்பகலில் தெருக்கம்பி ஜனவரி அதிகாலையைவிட 40 டிகிரி கூடுதலாகவே சூடாகட்டும். தடை 16 சதவீதம் போலக் கூடும். வழியில் 10 வோல்ட் விழுந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது பதினொன்றரை விழும், அவ்வளவுதான். அதே தெருவில் ராத்திரி பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஏ.சி.யைப் போட்டால் கரண்ட் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும், வோல்டேஜ் வீழ்ச்சியும் அதே மடங்கு ஏறும். லோ வோல்டேஜ் மோசமாக இருப்பது வெயில் உச்சத்தில் இருக்கும்போதா, ஊரே ஏ.சி. போட்ட பிறகா என்று நீங்களே கவனித்துப் பாருங்கள். வெயில் மேல் பழி போடுவது சுலபம். வெயில் பதில் பேசாது.

நெய்வேலியிலிருந்து கிளம்பும் உயரழுத்த லைன்களில் வேறொரு சிக்கல். அங்கே சூடு தடையைக் கூட்டுவதைவிடக் கம்பியின் நீளத்தைக் கூட்டுவதுதான் தலைவலி. கம்பி தொய்ந்து தரைக்கும் மரத்துக்கும் நெருங்கிவிடும். லைனில் எவ்வளவு கரண்ட் அனுப்பலாம் என்பதற்கு வரம்பு வைப்பதில் இந்தத் தொய்வுக்கும் பெரிய பங்கு உண்டு.

இப்போது காப்பு. சித்தப்பா அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம்: "சூட்டோட மெக்கர் வச்சா அது பொய் சொல்லும்டா. ஆறட்டும், அப்புறம் கேளு." மெக்கர் என்பது காயிலுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்துக் காப்பின் தடையை மெகாஓமில் காட்டும் கருவி. காப்பின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் தடை ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் விதி. 70 டிகிரியில் 5 மெகாஓம் காட்டும் மோட்டார் 40 டிகிரிக்கு ஆறினால் பத்துக்கு ஒரு தரம் இரட்டித்து 10, 20, 40 மெகாஓம் ஆகிவிடும். அதனால்தான் முறையாக எழுதும் ரிப்போர்ட்டுகளில் அளவை 40 டிகிரிக்கு மாற்றி எழுதச் சொல்கிறார்கள். கறாராகச் சொன்னால் மெக்கர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்து உண்மையைத்தான் சொல்கிறது, நாம்தான் வேறு நேரத்துக்கான கேள்வியைக் கேட்கிறோம். இதைச் சித்தப்பாவிடம் சொன்னால், "ரெண்டும் ஒண்ணுதான், போய் டீ வாங்கிட்டு வா" என்பார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூர்ப் பக்கத்துக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் கடையில் மோட்டார்கள் வரிசை கட்டின. சேறும் தண்ணீருமாக வந்த மோட்டாரை முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பார்ப்பவர்களுக்கு இது விபரீதமாகத் தெரியும், ஆனால் சேறும் உப்பும் உள்ளேயே காய்ந்துவிட்டால் அதைவிட மோசம். அப்புறம் சுற்றும் பாகமான ரோட்டரைக் கழற்றி, காயில் இருக்கும் அசையாத பாகமான ஸ்டேட்டருக்குள் ஒரு பெரிய குண்டு பல்பை எரியவிட்டுக் காய வைப்பார்கள். பெரிய மோட்டாருக்கு ஓவன்.

காயும்போது மணிக்கு ஒரு தரம் மெக்கர் வைத்துப் பார்த்தால் வரும் எண்கள் முதல்முறை பார்ப்பவரைக் கலங்கடிக்கும். காய வைத்தால் காப்பு தேற வேண்டும், இல்லையா? ஆரம்பத்தில் அளவு இறங்கும். 2 மெகாஓம் இருந்தது ஒன்றாகும், அரையாகும். மோட்டார் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். சூடு ஈரத்தை வெளியேற்றுவதற்கு முன்னாலேயே ஈரத்தின் கடத்துதிறனையும் வார்னிஷின் கடத்துதிறனையும் கூட்டிவிடுவதால் வரும் இறக்கம் அது. ஈரம் ஆவியாக வெளியேற ஆரம்பித்ததும் அளவு திரும்பி ஏறும், பிறகு ஒரு மட்டத்தில் நிற்கும். அங்கே ஓவனை நிறுத்தினால், ஆற ஆற மறுபடி ஏறும். இந்த வளைவின் நடுப் பள்ளத்தைப் பார்த்துப் பயந்து காயிலை அறுத்துப் போட்டவர்கள் உண்டு. பள்ளத்துக்கு முன்னால் இருந்த அளவை நம்பி கரண்ட் கொடுத்தவர்களும் உண்டு. இரண்டாவது ரகம்தான் அதிகம் செலவு வைக்கும்.

ஒரே சூடு செம்பில் ஒன்றும் வார்னிஷில் வேறொன்றும் செய்வது எதனால்? ஒரு பொருள் எவ்வளவு நன்றாகக் கடத்தும் என்பது இரண்டு கேள்விகளில் அடங்கும். மின்னூட்டத்தைச் சுமந்து போக எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்கள் எவ்வளவு தாராளமாக நகர முடிகிறது? சூடு இரண்டையும் தொடும். மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகும் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே ஏற்கெனவே தெருவில் இருக்கிறது, புதிதாக இறங்க ஆள் இல்லை. மேளச் சத்தம் ஏற ஏற ஓரத்தில் நிற்பவர்கள் ஆடத் தொடங்குவார்கள், நடப்பவர்கள் இடிபடுவார்கள், நகர்வது மெதுவாகும். இது உலோகம். அதே தெருவில் எல்லோரும் கதவடைத்து வீட்டுக்குள் இருந்தால்? மேளம் ஏற ஏறக் கதவுகள் திறக்கும், ஆட்கள் இறங்குவார்கள். இடிபடுவது கொஞ்சம் இருந்தாலும், ஆளே இல்லாத தெருவில் ஆள் வந்ததுதான் பெரிய மாற்றம். இது சிலிக்கான் மாதிரியான குறைக்கடத்தி. வார்னிஷிலும் கதவு திறப்பதுதான் நடக்கிறது, ஆனால் அங்கே பெரும்பாலும் இறங்குவது எலக்ட்ரான் அல்ல, மின்னூட்டம் ஏறிய அணுவான அயனி.

எண்களில் பார்த்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் சுமார் 85 கோடி கோடி கோடி சுதந்திர எலக்ட்ரான்கள் உண்டு, குளிரிலும் வெயிலிலும் அதே எண்ணிக்கை. தூய சிலிக்கானில் ஒரு கன சென்டிமீட்டரில் 50 கோடி கோடி கோடி அணுக்கள் இருந்தும் அறை வெப்பநிலையில் விடுபட்டுத் திரியும் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஆயிரம் கோடிதான். பத்து டிகிரி கூடினால் அந்த எண்ணிக்கை இரட்டித்துவிடும்.

உலோகத்தில் எலக்ட்ரான்கள் அணுக்கள் மேல் முட்டிமோதிப் போவதால்தான் தடை வருகிறது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1928-இல் ஃபெலிக்ஸ் பிளாக் வேறு மாதிரிச் சொன்னார்: அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அசையாமல் நின்றால் எலக்ட்ரான் அலை தடங்கலே இல்லாமல் கடந்து போய்விடும். தடை வருவது ஒழுங்கு கெடும் இடங்களில். சூட்டில் அணுக்கள் அதிர்வது ஒரு ஒழுங்குக் குலைவு, கலப்படம் இன்னொன்று. இஸ்திரிப் பெட்டியின் காயில் ஏன் அப்படி இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கிவிடும். நிக்ரோமில் நிக்கலும் குரோமியமும் தாறுமாறாகக் கலந்து கிடப்பதால் ஒழுங்கு முன்பே குலைந்துவிட்டது. சூடு அதற்கு மேல் புதிதாகக் கெடுக்க அதிகம் இல்லை. செக்கச்செவேல் என்று பழுத்தாலும் அதன் தடை பத்து சதவீதம்கூட ஏறாது. பள்ளி ஆய்வகத்து மீட்டர் பிரிட்ஜில் மாங்கனின், கான்ஸ்டன்டன் மாதிரி கலப்புலோகக் கம்பிகளைக் கட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

குண்டு பல்பு இதற்கு நேர் எதிர். 60 வாட் பல்பு எரியும்போது அதன் டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி போல இருக்கும், தடை சுமார் 880 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் 60, 70 ஓம்தான் காட்டும். சுவிட்சைப் போடும் முதல் கணத்தில் இழை வழியே பத்து மடங்குக்கு மேல் கரண்ட் பாய்கிறது. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஃபியூஸ் ஆவதைவிடப் போடும்போது ஃபியூஸ் ஆவதை அதிகம் பார்த்திருப்பீர்கள். எடிசன் காலத்துக் கார்பன் இழை பல்பில் இது தலைகீழ். கார்பன் சூடானால் தடை குறையும்.

டங்ஸ்டனின் இந்தக் குணத்தை வைண்டிங் கடைக்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். சீரிஸ் லேம்ப் என்று ஒன்று எல்லாக் கடையிலும் தொங்கும். சோதிக்க வேண்டிய பொருளோடு ஒரு குண்டு பல்பைத் தொடரில் போட்டு கரண்ட் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், இழை சூடாகித் தடையை ஏற்றிக்கொண்டு கரண்டை அரை ஆம்பியருக்குள் அடக்கிவிடும். ஷார்ட் இல்லையென்றால் பல்பு மங்கலாக நிற்கும், இழை ஆறியே இருப்பதால் தடை குறைவு, பொருளுக்கு வேண்டிய வோல்டேஜை அதிகம் பறிக்காது. சூழ்நிலைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஒரு தடை, அதுவும் பல்பு விலைக்கு. எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது. குண்டு பல்பு கண்ணில் பட்டால் சித்தப்பா வாங்கி அடுக்கி வைக்கிறார்.

சூட்டில் கடத்துதிறன் கூடும் பொருளை முதலில் கவனித்து எழுதியவர் மைக்கேல் ஃபாரடே. 1833-இல் வெள்ளி சல்பைடை விளக்கில் காட்டியபோது உலோகங்களுக்கு நேர்மாறாக அது நன்றாகக் கடத்தத் தொடங்கியது. உலோகம் சூட்டில் மந்தமாகும் என்று அவருடைய குரு ஹம்ஃப்ரி டேவி 1821-இல் காட்டியிருந்ததால், சீடருக்கு இது வினோதமாகத்தான் பட்டிருக்கும். இன்று காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரிலும் ஏ.சி. சென்சாரிலும் இருக்கும் தெர்மிஸ்டர் இந்த வகையறாதான். பல ஸ்பிளிட் ஏ.சி.களில் 25 டிகிரிக்கு 10,000 ஓம் காட்டும் தெர்மிஸ்டர் இருக்கும், 35 டிகிரியில் அது 6,500 ஓம் பக்கம் வந்துவிடும். அதே பத்து டிகிரிக்குச் செம்பு அசைவது நாலு சதவீதம்.

ஆனால் "உலோகத்தில் தடை கூடும், குறைக்கடத்தியில் குறையும்" என்று இரண்டு கட்டம் போட்டு முடிப்பதும் எனக்குப் பிடிக்காது. தூய சிலிக்கானுக்கு அது சரி. நாம் வாங்கும் டிரான்சிஸ்டரிலும் சோலார் பேனலிலும் இருப்பது பாஸ்பரஸோ போரானோ கலந்த சிலிக்கான். சுமப்பவர்களைக் கலப்படமே கொடுத்துவிட்டது, அறை வெப்பநிலையிலேயே அவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அதற்கு மேல் சூடேற்றினால் இடிபடுவது மட்டும் கூடும், தடை உலோகத்தில் ஏறுவதைப் போலவே ஏறும். நன்றாகச் சூடேறி, சிலிக்கானின் சொந்த எலக்ட்ரான்கள் பெருவாரியாக விடுபடும்போதுதான் அது திரும்ப இறங்கும். ஒரே துண்டு சிலிக்கான் இரண்டு கட்சியிலும் இருக்கும்.

சோலார் பேனல் போட்டவர்கள் மே மாதத்தில் செய்யும் புகாருக்கும் சிலிக்கானின் சூடுதான் காரணம். இவ்வளவு வெயில் அடித்தும் மீட்டர் நினைத்த அளவு ஏறவில்லையே என்பார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், வெயிலின் சூடு இலவச இணைப்பாக வருகிறது, அது வேண்டாத இணைப்பு. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரியில் போட்டது. புதுச்சேரி மொட்டைமாடியில் நண்பகலில் செல்லின் சூடு 65 டிகிரியைத் தொடலாம். டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று வைத்தாலும் 40 டிகிரிக்கு 14 சதவீதம் போச்சு. 3 கிலோவாட் பேனல் முழு வெளிச்சத்திலும் 2.6 போலத்தான் தரும். சூட்டில் சிலிக்கானுக்குள் இயல்பாக விடுபடும் எலக்ட்ரான்கள் கூடுவதால், செல் தாங்கி நிற்கும் வோல்டேஜ் குறைந்துவிடுகிறது. பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று போக இடம் விடுங்கள் என்று சொல்வது அழகுக்காக அல்ல.

இனி ஃப்ரிட்ஜ். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இதற்குள்தான் இருக்கிறது. கரண்ட் போய் அரை நிமிஷத்தில் திரும்பி வந்தால் பழைய மாதிரி ஃப்ரிட்ஜ் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு, டிக் என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். கம்ப்ரஸரின் ஸ்டார்டிங் காயிலோடு தொடரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பீங்கான் வில்லை ஒன்று இருக்கிறது, பேரியம் டைட்டனேட்டில் செய்தது. ஆறியிருக்கும்போது அதன் தடை சில பத்து ஓம். ஸ்டார்டிங் காயிலுக்குக் கரண்டைத் தாராளமாக விடும். அந்தக் கரண்டே அதை ஓரிரு விநாடியில் 120 டிகிரிக்கு மேல் சூடாக்கிவிடும், உடனே தடை ஆயிரம் மடங்குக்கு எகிறும், ஸ்டார்டிங் காயில் துண்டிக்கப்பட்ட மாதிரி ஆகிவிடும். நகரும் பாகம் ஒன்றுமில்லாத சுவிட்ச்.

எகிறுவதற்குக் காரணம் வில்லைக்குள் இருக்கும் நுண்ணிய மணிகளின் எல்லைகள். ஒவ்வொரு எல்லையிலும் எலக்ட்ரான்களைத் தடுக்கும் மின்னழுத்த வேலி ஒன்று உண்டு. 120 டிகிரிக்குக் கீழே பேரியம் டைட்டனேட்டுக்கு இயல்பாக இருக்கும் மின்முனைவு அந்த வேலியைத் தணித்து வைக்கிறது. அந்த வெப்பநிலையைத் தாண்டியதும் முனைவு மறைந்துவிடும், வேலி உயர்ந்துவிடும். கரண்ட் போய் உடனே வந்தால் வில்லை இன்னும் ஆறியிருக்காது, ஸ்டார்டிங் காயிலுக்குக் கரண்ட் கிடைக்காது, கம்ப்ரஸர் முனகும். குழாய்களில் வாயு அழுத்தமும் அதற்குள் சமமாகியிருக்காது. அஞ்சு நிமிஷம் கழித்துப் போடுங்கள் என்று மெக்கானிக் சொல்வது வில்லை ஆறுவதற்கும் அழுத்தம் இறங்குவதற்கும்தான். கொசு விரட்டி மெஷினுக்குள்ளும் இதே இனத்து வில்லைதான், சூடு வரம்பை மீறாமல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். இந்த வில்லையை உலோகத்தோடு சேர்ப்பதா குறைக்கடத்தியோடு சேர்ப்பதா என்று பட்டியல் போடுபவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

கடலுக்கு வருவோம். உப்புத் தண்ணீரில் சுமப்பவை அயனிகள், எண்ணிக்கையை உப்பு தீர்மானிக்கிறது. சூடானால் தண்ணீரின் பிசுபிசுப்பு குறைந்து அயனிகள் வேகமாக நகரும், டிகிரிக்குக் கிட்டத்தட்ட 2 சதவீதம் கடத்துதிறன் கூடும். வழக்கமான கடல்நீர் 15 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 43 மில்லிசீமென்ஸ் காட்டினால் 25 டிகிரியில் 53 காட்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கடல்நீரைப் படிப்பவர்கள் இன்று உப்பை எடை போட்டு அளப்பதில்லை, கடத்துதிறனை அளந்து உப்பைக் கணக்கிடுகிறார்கள். அதனால் கருவியில் வெப்பநிலையும் கூடவே பதிவாகியாக வேண்டும். அதை விட்டுவிட்டால் ஒரு டிகிரி சூடு, ஆயிரத்துக்கு 35 இருக்கும் உப்பில் 0.7 கூடிவிட்ட மாதிரி ஏமாற்றும்.

கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுவது விவசாயிகளுக்கு அன்றாடக் கவலை. தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டில் ஈ.சி. என்று இருப்பது இதே கடத்துதிறன்தான், 25 டிகிரிக்குத் திருத்தி எழுதியது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் கொதிக்கும் வெயிலில் பம்ப்செட் தொட்டியில் ஒரு தரம், ஃப்ரிட்ஜில் வைத்த அதே தண்ணீரில் ஒரு தரம் முக்கிப் பாருங்கள். வெப்பநிலைத் திருத்தம் இல்லாத மீட்டர் என்றால் இரண்டும் ஒரே தண்ணீர் என்று சொல்லாது.

கண்ணாடியும் பீங்கானும் சூட்டில் கடத்தும் என்றால் பலர் நம்புவதில்லை. கண்ணாடிக் குச்சி ஒன்றை நன்றாகப் பழுக்கக் காய்ச்சினால் அதன் வழியே பல்பு எரிகிற அளவுக்குக் கரண்ட் போகும், உள்ளே இருக்கும் சோடியம் அயனிகள் நகர ஆரம்பித்துவிடும். 1897-இல் வால்தர் நெர்ன்ஸ்ட் ஒரு விளக்கே செய்தார். சிர்கோனியம் ஆக்சைடு கலந்த பீங்கான் குச்சி, குளிரில் காப்பு, வெளியிலிருந்து சூடுபடுத்தினால் கடத்தத் தொடங்கி தானாகவே ஒளிரும். விளக்கு வழக்கொழிந்துவிட்டது. பொருள் நம் பைக்குக்குள் வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதி வந்த பிறகு வாங்கிய வண்டிகளின் சைலன்சர் பக்கம் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். அதிலும் பெரும்பாலும் இந்தச் சிர்கோனியாதான், சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஆக்சிஜன் அயனிகள் அதற்குள் நகரும்.

சரி, அந்த மைனஸ் 234.5. செம்பின் நேர்கோடு அங்கே பூஜ்யத்தைத் தொடுவதில்லை, அதற்கு முன்னாலேயே வளைந்து படுத்துவிடும். அதிர்வு அடங்கினாலும் கலப்படமும் குறைபாடும் மிச்சமிருக்கும், சாதாரணக் கம்பியில் அறை வெப்பநிலைத் தடையில் ஐம்பதிலோ நூறிலோ ஒரு பங்கு அப்படியே நிற்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் இது தெரியாது. தடை குறைந்து குறைந்து பூஜ்யமாகும் என்றார்கள் சிலர். ஒரு மட்டத்தில் நிற்கும் என்றார்கள் சிலர். எலக்ட்ரான்களே உறைந்துபோய்த் தடை முடிவிலிக்கு ஏறும் என்று நினைத்தார் கெல்வின் பிரபு.

ஹாலந்தின் லைடனில் கேமர்லிங் ஆன்னஸ் 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்கியதும் சோதிக்க வழி பிறந்தது. பாதரசத்தைத் திரும்பத் திரும்ப வடித்து மிகத் தூய்மையாக்கலாம் என்பதால் அதை எடுத்துக்கொண்டார்கள். 1911 ஏப்ரலில் மைனஸ் 269 டிகிரி பக்கத்தில் தடை சரிந்து காணாமலே போய்விட்டது. படிப்படியாக அல்ல, ஒரே வீழ்ச்சியாக. மூன்று ஊகத்தில் எதுவும் இதைச் சொல்லவில்லை. ஏன் என்று விளங்க 1957 வரை ஆனது. எலக்ட்ரான்களை இடறிவிடும் அதே அணு அதிர்வுதான் குளிரில் அவற்றை ஜோடி சேர்த்துவைக்கிறது என்று பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் காட்டினார்கள். அதிர்வோடு அதிகம் ஒட்டாத வெள்ளியும் செம்பும் அறை வெப்பநிலையில் அருமையாகக் கடத்துகின்றன, தடையே இல்லாத மீக்கடத்தி ஆவதில்லை. சுமாராகக் கடத்தும் ஈயமும் பாதரசமும் ஆகின்றன.

ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே காத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, இந்த இயந்திரங்களின் காந்தக் காயில் பொதுவாக நியோபியம்-டைட்டானியம், திரவ ஹீலியத்தின் குளிரில் தடையே இல்லாமல் கரண்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த ஹீலியத்தின் கதை நம் பக்கத்தில் தொடங்கியது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூர், மசூலிப்பட்டினம் பக்கமிருந்து நிறமாலைக் கருவியோடு பார்த்தவர்களின் குறிப்புகளிலிருந்துதான் சூரியனில் புதுத் தனிமம் ஒன்று இருக்கிறது என்ற பேச்சுக்கு வழி பிறந்தது.

1987-இல் மைனஸ் 180 டிகிரியிலேயே மீக்கடத்தியாகும் பீங்கான் கிடைத்தது, திரவ நைட்ரஜனே போதும் என்றானது. அதிலிருந்து அறை வெப்பநிலை மீக்கடத்திக்கான தேடல் ஓயவில்லை. 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து எல்.கே.-99 என்ற பொருள் அப்படிப்பட்டதுதான் என்று ஒரு செய்தி வந்தபோது வாட்ஸாப் குழுக்களில் எல்லாம் மின்தடையே இல்லாத உலகம் பிறந்துவிட்டது. சில வாரத்தில் மற்ற ஆய்வகங்கள் சோதித்து அடங்கச் செய்தன. அந்த ஆய்வில் தடை சட்டென்று விழுந்த 104 டிகிரிதான் குட்டை உடைத்தது. மாதிரியில் கலந்திருந்த காப்பர் சல்பைடு அதே வெப்பநிலையில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும், அப்போது அதன் கடத்துதிறன் பல மடங்கு மாறும். மீக்கடத்தி என்று கொண்டாடியது அந்தக் கலப்படத்தின் சேட்டை. ஃபாரடே விளக்கில் காட்டியதும் ஒரு சல்பைடுதான், சுமார் 180 டிகிரியில் அதற்கும் இப்படி ஒரு மாற்றம் உண்டு.